ஐப்பசியா மாசியா, காவிரியா தென்பெண்ணையா

பெங்களூரில் இருக்கும் என் தங்கை போன வாரம் போன் செய்தாள். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் காஷ்மீரில் சினார் மரங்கள் செக்கச்செவேல் என்று நிற்கிற வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, இப்படி ஓர் இடத்துக்கு எங்களையும் கூட்டிப்போ என்று பிடிவாதம் பிடிக்கிறார்களாம். "அக்கா, ஆயுத பூஜைக்கு லீவு வருது. நம்ம பக்கம் ஆத்தோரமா இலை நிறம் மாறுற காடு எங்க இருக்கு? ஒகேனக்கல் வரட்டுமா, இல்ல கிருஷ்ணகிரி டேம் பக்கமே போதுமா?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது காவேரிப்பட்டினம். பெயரில் காவேரி இருந்தாலும் ஊர் இருப்பது தென்பெண்ணைக் கரையில். வாழ்க்கைப்பட்டது பென்னாகரம், அங்கிருந்து காட்டு வழியில் இறங்கினால் காவிரி. இரண்டு ஆற்றையும் எல்லா மாதத்திலும் பார்த்திருக்கிறேன், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் முதலில் இடத்தை முடிவு செய்கிறார்கள், அப்புறம் லீவு கிடைத்த நாளில் கிளம்பிவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் அது சரிவராது. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், எந்த ஆறு என்பது அதிலேயே பாதி முடிவாகிவிடும்.

ஏன் என்றால், பள்ளிப் புத்தகத்தில் 'இலையுதிர் காலம்' என்று படித்தது குளிர் தேசத்துக் கணக்கு. அங்கே செப்டம்பர், அக்டோபரில் பகல் பொழுது மளமளவென்று குறையும், குளிர் ஏறும், மரம் இலையில் இருக்கும் பச்சையத்தை உடைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதுவரை பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரியவரும், சில மரங்கள் புதிதாகச் சிவப்பும் ஊட்டிக்கொள்ளும். நம் பக்கம் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். நம் காட்டு மரங்கள் மண்ணின் ஈரத்தைப் பார்த்துத்தான் இலையை விடுகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் மண் நனைந்து கிடக்கும்போது எந்த மரம் இலையை உதிர்க்கும்? நம் பழைய ஆறு பருவக் கணக்கிலும் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம், குளிர்ந்த காற்றும் மழையும் உள்ள காலம். ஈரம் வற்றி, மலை காய்ந்து, இலை உதிர்வது பின்பனியில், அதாவது தை கடைசியில் தொடங்கி மாசி, பங்குனி வரைக்கும்.

ஆக தங்கைக்கு முதல் பதில், ஆயுத பூஜை லீவில் வந்தால் நிறம் மாறிய காடு கிடைக்காது. வேறொன்று கிடைக்கும், அதுவும் நன்றாகவே இருக்கும். ஆனால் அதற்கு ஒகேனக்கல் சரியான இடம் இல்லை.

ஒரு ஆயுத பூஜை லீவில் நாங்கள் பத்துப் பேர் ஒகேனக்கல் போனோம். மேலே கர்நாடகத்தில் மழை. ஆறு செம்மண் கரைத்த நிறத்தில் கரை தொட்டுப் போனது, பரிசல் நிறுத்தியிருந்தார்கள், குளிக்கவும் விடவில்லை. பாறை எதுவுமே தெரியவில்லை, தண்ணீர்தான். அருவி விழுகிற உயரம்கூட மறைந்துபோயிருந்தது. தூரத்தில் நின்று இரைச்சலைக் கேட்டுவிட்டு மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பினோம், பிள்ளைகள் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். அதில் யார் மேலும் தப்பில்லை, வெள்ளம் வந்தால் தடுக்கத்தான் வேண்டும். நாங்கள் மாதம் பார்க்காமல் போனோம், அவ்வளவுதான்.

இதைக் கணக்கோடு பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒகேனக்கல்லுக்கு மேலே, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில்தான் தண்ணீரை அளக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி கர்நாடகம் அங்கே வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. விடவேண்டும். அதன் மாதக் கணக்கில் ஆகஸ்டுக்கு 45.95, அக்டோபருக்கு 20.22, நவம்பருக்கு 13.78, பிப்ரவரிக்கு 2.50. இது பங்கீட்டுக் கணக்குதான், நிஜத்தில் மழையைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆனாலும் எந்த மாதத்தில் ஆறு எப்படி இருக்கும் என்று இதிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. அக்டோபரில் நீங்கள் பார்ப்பது தண்ணீர். பாறையையும் பள்ளத்தாக்கையும் மரத்தையும் பார்க்க பிப்ரவரிதான்.

சரி, ஐப்பசியில்தான் லீவு, வேறு வழி இல்லை என்றால்? தென்பெண்ணைப் பக்கம் வாருங்கள்.

கிருஷ்ணகிரி அணையில் தொடங்கலாம். நல்ல மழை வருஷம் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் 52 அடியும் நிறைந்து நிற்கும். அணைப் பூங்காவில் பிள்ளைகளை ஓடவிடலாம், வாசலிலேயே மீன் வறுத்துத் தருவார்கள். ஆனால் அணையோடு திரும்பிவிடாதீர்கள், நான் சொல்லவந்த விஷயம் அதற்குக் கீழே காவேரிப்பட்டினம் பக்கத்தில் இருக்கிறது. ஆற்றின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தால் மாமரம் தளிர் விடும். அந்தத் தளிரை நின்று பாருங்கள். செம்பு நிறத்தில், லேசாக ஊதா கலந்து, வாடியது போலத் துவண்டு தொங்கும். பழைய கரும்பச்சை இலைக்கு நடுவே கொத்துக்கொத்தாக அது வெயிலில் மின்னும்போது தோப்பே வேறு மாதிரி ஆகிவிடும். குளிர் தேசத்தில் சிவப்பு என்றால் விழப்போகிற இலை. எங்கள் ஊரில் சிவப்பு, பிறந்த இலைக்கு. பச்சையம் முழுதாக ஊறும் வரைக்கும் அந்தச் சிவப்புச் சாயம் இளந்தளிரைக் கடும் வெயிலில் இருந்து காக்கும் என்கிறார்கள். தங்கையின் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி ஒரு தளிரைக் கையில் கொடுத்தால், சினாரைப் பற்றி அப்புறம் கேட்கமாட்டார்கள் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

ஐப்பசியின் இன்னொரு நிறம் கொல்லைமேட்டில், அதாவது மேட்டுப் புஞ்சையில் இருக்கிறது. ஆடி, ஆவணியில் விதைத்த கேழ்வரகு அப்போது கதிர் வாங்கி, கார்த்திகை பிறக்கும்போது பச்சையில் இருந்து செம்பழுப்புக்கு மாறும். நடுநடுவே சாலுக்குச் சால் துவரையும் ஆமணக்கும் நிற்கும். ஆமணக்குத் தண்டும் சில ரகங்களில் சிவப்புதான். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் போனால் சாமந்தி. வேலியோரம் ஆவாரம்பூ, புதர் மேலே ஏறிய செங்காந்தள். உயரத்தில் காடு மாறாவிட்டாலும் தரையில் இவ்வளவு மாறுகிறது. இலை நிறம் பார்க்க வந்தவர்களுக்கு இதுவும் கணக்கில் சேரும், என் கணக்கில் இதுதான் முதலில் சேரும்.

அங்கிருந்து இன்னும் போக நேரம் இருந்தால் ஊத்தங்கரை – அரூர் சாலையில் அனுமன்தீர்த்தம். தீர்த்தமலையில் இராமர் பூசைக்கு அனுமன் கங்கை நீர் கொண்டுவரத் தாமதம் ஆனதும், இராமர் அம்பு விட்டு மலையிலேயே தீர்த்தம் வரவழைத்ததும், கோபத்தில் அனுமன் வீசிய கலயம் ஆற்றங்கரையில் விழுந்ததும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆடிப்பெருக்குக்கு இந்தக் கரையில் நிற்க இடம் இருக்காது. ஐப்பசியில் கூட்டம் இல்லாமல், ஆறும் சாதாரணமாக ஓடுகிற நாளில் வந்தால், பாலத்தில் நின்று பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

தென்பெண்ணையில் இரண்டு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஒன்று, தண்ணீர். நந்தி மலைப் பக்கம் பிறந்து பெங்களூரின் கழிவையும் வாங்கிக்கொண்டு வருகிற ஆறு இது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை மலை மாதிரி பொங்கி நிற்கிற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. சின்ன வயதில் எங்கள் அம்மா இந்த ஆற்றில்தான் ஊற்றுத் தோண்டிக் குடிக்கத் தண்ணீர் எடுத்தார்கள். அதனால் பாருங்கள், கரையில் உட்காருங்கள், குளிக்கவேண்டாம். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டி, ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளையே அடித்துக்கொண்டு போனது. கடலில் இருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று அசட்டையாக இருக்கக் கூடாது. புயல் எச்சரிக்கை இருந்தால் அந்த வாரம் கிளம்பாதீர்கள்.

இப்போது மாசி.

பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல் இறங்குகிற சாலையை மாசி முதல் பாதியில் பார்க்கவேண்டும். தர்மபுரியில் இருந்து மொத்தம் சுமார் 46 கி.மீ., அதில் கடைசிப் பகுதி காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும், மனசில் நிற்பது அந்தப் பகுதிதான். வெக்காலி இலை செம்பு நிறம் ஆகியிருக்கும். நெல்லி, சின்னச் சின்ன மஞ்சள் இலையைக் காற்று அடிக்கிற போதெல்லாம் தூற்றல் மாதிரி கொட்டும். ஒதிய மரத்தில் ஓர் இலை இருக்காது, கிளை மட்டும் வானத்தில் கோடு போட்ட மாதிரி நிற்கும். மூங்கில் வைக்கோல் நிறம். சரக்கொன்றை இன்னும் பூக்காது, முழ நீளக் கரும் காய்கள் தொங்கும். இதற்கெல்லாம் நடுவே திடீரென்று ஒரு புரச மரம், இலையே இல்லாமல், கிளை முழுக்க ஆரஞ்சுச் சிவப்பில் பூ. கிளி மூக்கு போல வளைந்த பூ. பஸ்ஸில் போனால் சன்னல் பக்கம் உட்காருங்கள், அரை நிமிஷத்தில் கடந்துவிடும். என் மாமியார் இந்தப் புரச இலையைத்தான் சின்ன வயதில் சாப்பாட்டு இலையாகத் தைத்துச் சந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். "இலை இருக்கற வரைக்கும் யாரும் இந்த மரத்தத் திரும்பிப் பாக்கமாட்டாங்கம்மா, எல்லாம் கொட்டுன பெறகுதான் பாப்பாங்க" என்று ஒருமுறை சொன்னார்கள்.

இறங்கி ஆற்றோரம் வந்ததும் இன்னொன்று புரியும். மலைச் சரிவு முழுக்கப் பழுப்பு, மஞ்சள், சாம்பல். ஆற்றின் இரு கரையில் மட்டும் ஒரு பச்சைக் கோடு. நீர்மருது மரங்கள் அவை. வெளுத்த, வழவழப்பான அடிமரம், வேர் பாறையைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கும். சரிவில் ஈரம் தீர்ந்து மரமெல்லாம் இலையை விட்டுவிட்ட மாதத்தில், ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற இந்த மரங்கள் மட்டும் நிழல் தருகின்றன. ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றால் என்ன என்று ஒரே பார்வையில் தெரிவது இந்த மாதத்தில்தான். ஐப்பசியில் எல்லாமே பச்சை, எது ஆற்றின் பச்சை, எது மழையின் பச்சை என்று பிரிக்க முடியாது. எனக்கு மாசி பிடிப்பதற்கு முதல் காரணம் இது.

அப்புறம், தண்ணீர் குறைந்து தெளிந்திருக்கும், பரிசல் பெரும்பாலும் ஓடும், பாறைச் சுவர்களுக்கு நடுவே அதில் போகலாம். உயிர்காப்புச் சட்டை போடாமல் ஏறாதீர்கள். மீனை வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிற அக்காமார் எப்போதும் இருக்கிறார்கள், களியும் கேட்டால் கிளறித் தருவார்கள்.

அஞ்செட்டி வழியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கிருஷ்ணகிரியில் இருந்து ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வந்து ஒகேனக்கல் இறங்குகிற சாலை. நேர் வழியை விட நேரம் அதிகம் பிடிக்கும், வழியில் கடை கண்ணி குறைவு. ஆனால் மேட்டு நிலத்தில் தொடங்கி, கேழ்வரகுக் கொல்லைகளைத் தாண்டி, காட்டுக்குள் நுழைந்து, காவிரி வரைக்கும் இறங்குகிற ஒரே பயணத்தில் இவ்வளவு மாற்றம் வேறு எந்த வழியிலும் கிடையாது. இந்தக் காடுகளின் பெரும்பகுதி இப்போது சரணாலயம். 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று அறிவித்தார்கள். ஆற்றோர மரங்களில் பெரிய சாம்பல் நிற அணிலும், ஆற்றில் நீர்நாயும் முதலையும் உண்டு. கரையோரம் பார்த்து இறங்குங்கள்.

யானையை மறந்து திட்டம் போடாதீர்கள். ஐப்பசியில் இருந்து தை வரைக்கும், கேழ்வரகு முற்றுகிற காலத்தில், கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டுப் பக்கம் இருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வரும். அந்த மாதங்களில் இரவெல்லாம் கொல்லையில் காவல் இருக்கிறவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை, நமக்கு வேடிக்கை பார்க்கிற விஷயம் இல்லை. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் குடும்பத்தோடு அஞ்செட்டிச் சாலையை நான் சொல்லவே மாட்டேன். மாசியிலும் தண்ணீருக்காக யானை ஆற்றுக்கு இறங்கும். வெயில் நன்றாக ஏறின பிறகு காட்டுக்குள் நுழைந்து, மாலை நாலு மணிக்குள் வெளியே வந்துவிடவேண்டும். நடுவில் வண்டியை நிறுத்தி இறங்கிப் போட்டோ எடுக்கக் கூடாது. பைக்கில் அந்த வழி வேண்டவே வேண்டாம்.

மாசிக்கு இருக்கிற பெரிய குறை காட்டுத்தீ. அழகாகத் தெரிகிற அந்தச் சருகு அத்தனையும் எரிபொருள். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது யாருக்கும் மறந்திருக்காது. தீக்காலத்தில் மலையேற்றத்தை வனத்துறை நிறுத்திவைக்கும், அதனால் காட்டுக்குள் நடக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், சாலையும் ஆற்றங்கரையும்தான். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வாருங்கள், அடுப்பு மூட்டாதீர்கள். பீடி, சிகரெட் பிடிக்கிற மாமாக்கள் இருந்தால் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். வெயிலும் உறைக்கும், பள்ளத்தில் இருப்பதால் ஒகேனக்கல்லில் மதியம் இன்னும் உறைக்கும். இன்னொரு சின்னக் குறை, பிள்ளைகளின் முழுப் பரீட்சை நெருங்கும் நேரம்.

நடுவில் பொங்கல் லீவில் வரலாமா என்று கேட்பவர்களுக்கு: வரலாம், ஆனால் காணும் பொங்கலன்று ஒகேனக்கல் வேண்டாம், கூட்டத்தில் ஆற்றைப் பார்க்க முடியாது. அந்த லீவில் கிராமத்துச் சாலைகள்தான் நன்றாக இருக்கும். கேழ்வரகுக் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி வைத்திருப்பார்கள், அவரைப் பூ வாசம் காற்றில் வரும். காடு அப்போதுதான் மஞ்சள் தட்டத் தொடங்கியிருக்கும். வத்தல்மலையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். காப்பித் தோட்டமும் சில்வர் ஓக்கும் குளிரும் பிடித்தவர்கள் போகலாம், ஆனால் அது மலை, ஆற்றுப் பள்ளத்தாக்கு தேடுபவர்களுக்கு அங்கே ஆறு இல்லை.

வயதானவர்கள் கூட வந்தால் யோசிக்கவேண்டியது வேறு. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. கிருஷ்ணகிரி அணையும் காவேரிப்பட்டினத் தோப்பும் அவருக்கு எந்த மாதத்திலும் சரியாக இருக்கும், வண்டியில் இருந்து இறங்கினால் நாலு அடியில் நிழல். ஒகேனக்கல்லில் பரிசலுக்குப் படி இறங்கவேண்டும், பாறையில் நடக்கவேண்டும். தீர்த்தமலையில் ஏறுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு ஒகேனக்கல்தான் சுலபம், தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது. தென்பெண்ணைக் கரையில் ஊர் ஊராக நின்று பார்க்க வண்டி இல்லாமல் முடியாது.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். ஆயுத பூஜைக்கு வா, ஆனால் நேராகக் காவேரிப்பட்டினம் வீட்டுக்கு வா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு அணை, தோப்பு, முடிந்தால் அனுமன்தீர்த்தம், இரவு களியும் கீரையும் சாப்பிட்டுத் தூங்கு. இலை நிறத்துக்கு மாசியில் சிவராத்திரியை ஒட்டி இன்னொரு முறை வா, கர்நாடகத்தில் அன்றைக்கு லீவு, பரீட்சைக்கும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அந்த முறை அஞ்செட்டி வழியாக இறங்கி, ஒகேனக்கல்லில் மதியச் சாப்பாடு, மூன்று மணிக்கெல்லாம் மலை ஏறி பென்னாகரத்தில் எங்கள் வீடு.

"ரெண்டு தடவை லீவு போடணுமா?" என்றாள். ஒரே தடவைதான் முடியும் என்றால் மாசி என்று சொல்லிவிட்டேன். என் மாமியார் பக்கத்தில் இருந்து போனை வாங்கி, வரும்போது ஊசியும் நூலும் கொண்டுவரவேண்டாம், இலையையும் முதலிலேயே பறித்துக் காயவைத்துவிடுகிறேன், பிள்ளைகளுக்குத் தையல் இலை போடக் கற்றுத் தருகிறேன் என்றார்கள். புரசு உதிர்வதற்குள் மார்கழியிலேயே பறித்து வைத்துவிடுவார்களாம்.